நீர்க்கடுப்பு வெறும் சூடு அன்று

(புக்கிட் செந்தோசாவில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரிடையே நிகழ்த்தப்பெற்ற சுகாதார உரை)



சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டால், உடம்பில் சூடு ஏறிவிட்டதென்று இளநீரையும் பார்லித் தண்ணீரையும் தேடுவது நம் வழக்கம். நீர் அருந்துவது நன்றே. ஆயினும் எரிச்சலோடு, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போக நேர்ந்தால், அதற்குப் பெரும்பாலும் காரணம் சிறுநீர்ப்பையில் புகுந்த கிருமியே ஆகும்.

1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் மருத்துவர் விவரித்த 'இ. கோலை' இக்கிருமிகளுள் முதன்மையானது. குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் அது, சிறுநீர்த் துவாரத்தை அடைந்து மேலேறும்போது நோயாகிறது. ஆண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்களுடையதோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். பெண்களை இந்நோய் மிகுதியாகத் தாக்குவது இதனாலேயே. மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டுமென்பதும் இதனாலேயே.

இனி, நம் தொழிலை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் மரம் வெட்டச் செல்லும் தாய்மார், நிரையில் ஒதுங்க இடமின்மையால் தண்ணீர் பருகுவதையே குறைத்துக்கொள்கின்றனர். பால் நிறுத்துக் கொடுக்கும்வரை சிறுநீரையும் அடக்குகின்றனர். தாராளமாக வெளியேறும் சிறுநீர் கிருமிகளை அடித்துச் செல்லும். தேங்கிய சிறுநீரிலோ அவை பெருகும். வேலைக்காட்டின் அருகே கழிப்பிடம் வேண்டுமென்று நிர்வாகத்திடம் கேட்பதில் நாணம் எதற்கு? வெட்டுக்கத்தியைப் போன்றே அதுவும் தொழிலுக்குத் தேவையானதுதான்.

சிறுநீர் கலங்குதல், நாற்றம், இரத்தம் கலத்தல், அடிவயிற்று வலி ஆகியனவும் இந்நோயின் அறிகுறிகளே. குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் வாந்தியும் சேர்ந்தால், கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருவுற்ற பெண்களுக்கு அறிகுறி ஏதுமின்றியே இந்நோய் இருக்கலாம். கவனியாது விட்டால் குறைப்பிரசவம் நேரவும் கூடும். நீரிழிவு உடையோரும், இந்நோய் கண்ட ஆண்களும் காலந்தாழ்த்தலாகாது.

சிறுநீரைச் சோதித்து மருத்துவர் தரும் கிருமிக்கொல்லி மருந்தே இதற்குச் சிகிச்சை. எரிச்சல் இரண்டொரு நாளில் அடங்கிவிடும், மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள்வரை உண்ணாவிடில் எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலையெடுக்கும். அண்டை வீட்டார் மிச்சம் வைத்த மாத்திரையும் வேண்டா; அவர் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். மருந்தும் அதனுள் அடங்கும். இப்பகுதியினர்க்குக் கோலக்குபு பாரு மருத்துவமனையும், கோல சிலாங்கூர் தோட்டத்தார்க்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனையும் உள்ளன.