செக்கூர் மானிஸ்: வேலிக்குச் செடி, வேகவைத்தால் கீரை



இந்நாட்டு மண்ணில் இயல்பாக விளையும் ஒரு சிறு செடியைப் பற்றி இன்று உங்களிடம் பேச விழைகிறேன். மலாய்க்காரர்கள் இதனைச் செக்கூர் மானிஸ் என்பர். சரவாக் மக்கள் சாங்கோக் மானிஸ் என்பர். தமிழில் தவசிக்கீரை என்ற பெயரும் உண்டு. புரதம், சுண்ணாம்புச் சத்து, ஏ, சி ஆகிய உயிர்ச்சத்துகள் நிறைந்த இக்கீரை, வளரும் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது.

இதனை வளர்க்க விதை தேவையில்லை. பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்குங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு நடுங்கள். நாள்தோறும் பால்மரம் சீவிப் பழகிய கைகளுக்கு இஃது எளிய வேலையே. செடிக்குச் செடி அரை மீட்டர் இடைவெளி போதும். சற்று நிழல் விழும் இடத்திலும் இது செழிக்கும். ஆனால், நீர் தேங்கும் இடம் ஆகாது. வேர் பிடிக்கும் வரை நாள்தோறும் நீர் ஊற்றுங்கள். பின்னர் மாட்டெருவோ மக்கிய குப்பையோ இட்டு வாருங்கள்.

செடியைத் தன்போக்கில் விட்டால் ஆள் உயரத்திற்கு மேல் நெடிதாக வளர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே, இடுப்பளவு உயரத்தில் அவ்வப்போது கவாத்துச் செய்யுங்கள். வெட்ட வெட்டப் பக்கக் கிளைகள் தழைத்து, வீட்டுக்கு வேலியாகவும் அமையும். ஒரே நாளில் எல்லா இலைகளையும் உருவிவிடாமல், இளந்தளிர்களை மட்டும் பறியுங்கள்.

களைக்கொல்லி தெளிக்கப்படும் வரிசைகளின் ஓரத்தில் இதனை நடாதீர்கள். மருந்து இருந்த பாத்திரங்களைக் கொண்டு நீர் ஊற்றுவதும் கூடாது.

இனி, தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்கீரையை எப்போதும் வேகவைத்தே உண்ண வேண்டும். 1994, 1995ஆம் ஆண்டுகளில் தைவான் நாட்டில், உடல் எடையைக் குறைக்க எண்ணிய பலர், இதன் பச்சை இலைச் சாற்றைப் பல வாரங்கள் தொடர்ந்து அருந்தினர். அவர்களுடைய நுரையீரலின் நுண்ணிய மூச்சுக் குழல்கள் அடைபட்டன. சாற்றை நிறுத்திய பின்னரும் அக்கேடு நீங்கவில்லை, சிலர் உயிரிழந்தனர். ஆதலால், மருந்தென்று யார் கூறினும் பச்சைச் சாற்றைப் பருகாதீர்கள்.

இலைகளை உருவி, நன்கு கழுவி, கையால் கசக்கி வேகவையுங்கள். நெத்திலி சேர்த்துக் குழம்பாக்கலாம், முட்டையுடன் பிரட்டலாம். நாள்தோறும் இதையே உண்ணாமல், மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றி அளவாகச் சமையுங்கள்.

அண்டை வீட்டில் இச்செடி இருப்பின், இவ்வாரமே நான்கு தண்டுகளைக் கேட்டு வாங்கி நடுங்கள். கொடுப்பவர்க்கும் குறைவில்லை, வெட்டிய கிளை மீண்டும் தழைக்கும்.