நெரிசலில் கொதிக்கும் கார்



ஒரு காலத்தில் தோட்டத்து வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. 1985-ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994-ஆம் ஆண்டில் பெரொடுவா கஞ்சிலும் வெளிவந்தபின், கைமாறிய கார் ஒன்றை வாங்குவது நமக்கும் எட்டக்கூடிய காரியமாயிற்று. நோயுற்ற தாயாரைக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், தீபாவளிக்குத் துணி எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போவதும் அந்தக் காரில்தான். அது நடுவழியில் நின்றால் வீட்டு வேலை எல்லாமே நின்றுவிடும்.

"தோட்டத்துச் சாலையில் நன்றாக ஓடுகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்றால் மட்டும் சூட்டு முள் ஏறுகிறது. தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடுகிறது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். தண்ணீர் ஊற்றுவது அன்றைய பயணத்தை முடிக்க உதவும், பழுதைத் தீர்க்காது. பழுது எங்கே என்பதை நாமே ஓரளவு கண்டுகொள்ளலாம். அதற்கு ஒரே கேள்வி போதும்: முள் எப்போது ஏறுகிறது?

சுடச்சுட இருக்கும் தேநீரை நாம் எப்படி ஆற்றுகிறோம்? உயரத் தூக்கி மெல்லிய தாரையாக ஊற்றுகிறோம். காற்றுப் பட்டதும் சூடு தணிகிறது. காரிலும் அதே வேலைதான் நடக்கிறது. இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரை, பம்ப் ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே அது மெல்லிய குழாய்களில் பரவி ஓட, காற்று அதை ஆற்றுகிறது. கார் வேகமாக ஓடும்போது எதிர்காற்றே போதும். துன் சம்பந்தன் சாலையில் மாலை நேரத்தில் அசையாமல் நிற்கும்போது எதிர்காற்று ஏது? அப்போது ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும்.

ஆகவே, நின்றால் ஏறி, ஓடினால் இறங்கும் சூடு, முதலில் விசிறியையே சுட்டுகிறது. வேகமாக ஓடும்போதும் மேடு ஏறும்போதும் சூடு ஏறினால், தண்ணீர் ஓட்டத்தில் குறை இருக்கலாம்: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது பம்ப் தேய்ந்திருக்கும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே ஏறினால், தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கும்.

விசிறியைச் சோதிப்பது எளிது. காரை வெட்டவெளியில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் நடுவைத் தாண்டியும் விசிறி சுற்றாவிட்டால், இன்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏர்கோனைப் போட்டாலும் விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். அது சில காசு விலையுள்ள பொருள். அடுத்து ரிலே, பிறகு சூட்டை உணரும் சுவிட்ச், கடைசியில் மோட்டார். விலை குறைந்ததிலிருந்து தொடங்குவதே நல்ல முறை. இன்ஜின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுற்றக்கூடும். அதனால் பேட்டரிக் கம்பியைக் கழற்றாமல் அங்கே கை வைக்காதீர்கள்.

விசிறி சுற்றியும் சூடு ஏறுகிறதா? செம்மண் சாலையில் ஓடும் கார்களில் ஏர்கோன் தகடுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசியும் பூச்சியும் அப்பிக்கொள்ளும். இன்ஜின் ஆறியபின், பின்புறத்திலிருந்து முன்புறமாக மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடச் சொல்வார்கள். நெரிசலில் இன்ஜின் சூடேறும் நேரத்தில், நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். அதைக் கழற்றுவதால் விசிறியின் குறை தீராது. காலையில் இன்ஜின் சூடாகத் தாமதமாகி, பெட்ரோல்தான் கூடுதலாகச் செலவாகும்.

சாலையில் முள் சிவப்பை நெருங்கினால் ஏர்கோனை நிறுத்துங்கள். இடது ஓரத்தில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணையுங்கள். பிள்ளைகளை இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால், உள்ளே 110 பாகையிலும் அது கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே நீராவியாகச் சீறிப் பாயும். முகமும் கையும் வெந்துபோகும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மூடி கையில் சுடாத பிறகு, துணியைப் போர்த்தி, சிறிது சிறிதாகத் திருப்புங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கக்கூடும்.

வெறும் குழாய்த் தண்ணீரையே நாள்தோறும் ஊற்றி வந்தால் உள்ளே துருப்பிடிக்கும். பனி பெய்யாத நம் நாட்டிலும் கூலண்ட் வேண்டும் என்பது இதற்காகத்தான். கூலண்ட் அடிக்கடி குறைந்தால் அது எங்கோ போகிறது என்று பொருள். காருக்கு அடியில் ஈரம் இல்லை. ஆனால் வெள்ளைப் புகை வருகிறது, எண்ணெய் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்திருக்கிறது என்றால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அந்தக் காரை மேலும் ஓட்ட வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்போது "சூடாகிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது ஏறுகிறது, விசிறி சுற்றுகிறதா, எத்தனை நாளில் எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று சொல்லுங்கள். தேவையில்லாத பாகங்களுக்குச் செலவழிப்பது குறையும். சில வெள்ளியில் முடிய வேண்டிய பியூஸ் வேலையைத் தள்ளிப்போட்டால், இன்ஜின் தலை வளைந்து, ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். பிறகு விசிறியையும் சோதித்துவிடுங்கள். கால் மணி நேர வேலைதான்.