சுவரில் முளைத்த இத்தி

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் 34 வருடம் கணக்கு எழுதியவனைச் செடியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் படித்தது பி.காம். மரம் வளர்க்கக் கற்றுக்கொண்டது, இதோ மேஜை மேல் இருக்கிறதே, இந்த போன்சாயிடம்தான். இதற்கு ஒன்பது வயது.

இதை நான் நர்சரியில் வாங்கவில்லை. நம் மொட்டை மாடியில், மழைநீர்க் குழாய் ஓரத்து விரிசலில் முளைத்திருந்தது. பறவை எச்சத்தில் வந்த இத்திக் கன்று. ஆல், அரசு வகையறா. விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். ஆசிட் ஊற்ற ஆள் வந்துவிட்டார். 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லி, விரிசலைச் சுரண்டி, கிடைத்த வேரோடு எடுத்து வந்தேன்.

முதல் ஒரு வருடம் கத்திரியே வைக்கவில்லை. சாதாரண மண் தொட்டியில் வளர விட்டேன். வேர் பிடித்த பிறகுதான் வடிவம்.

எந்தக் கிளை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு கிளை எதிரெதிரே இருந்தால் ஒன்று போதும். கனமான கிளை கீழே, மெல்லியது மேலே. துளிர் ஆறேழு இலை விட்டதும், இரண்டு இலையை விட்டு மீதியை நறுக்குங்கள். பால் வடியும்; தண்ணீர் தெளித்துத் துடையுங்கள், கண்ணில் படக் கூடாது. கணக்கில் தப்பாக விழுந்த பதிவை எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யலாம். வெட்டிய கிளைக்கு அது கிடையாது. ஒரு நாள் பார்த்துவிட்டு, மறுநாள் வெட்டுங்கள்.

வளைக்க அலுமினியக் கம்பி. கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனம் போதும். சாய்வாகச் சுற்றி, மெதுவாக வளைக்க வேண்டும்.

இந்த இடது கிளையைப் பாருங்கள், திருகாணி மாதிரி தழும்பு. கம்பி கட்டிவிட்டு, மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டில் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். கம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக எனக்குத்தான் தோன்றவில்லை. மரம் பருத்தது, கம்பி உள்ளே புதைந்தது. ஐந்து வருடமாகியும் வடு போகவில்லை. இத்தி வேகமாகப் பருக்கும். வாரம் ஒரு முறை பாருங்கள். பதியத் தொடங்கினால், சுற்றை அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

'மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவது பாவம் இல்லையா சார்?' என்று கேட்கிறார்கள். பட்டினி போட்டால் செத்துவிடும். இதற்கு வெயில் வேண்டும், உரம் வேண்டும், மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் வேண்டும். கோடையில் இரண்டு வேளைகூட ஊற்றுகிறேன். ஹாலில் அழகுக்கு வைக்காதீர்கள், பால்கனிதான் இடம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வேரைக் கொஞ்சம் கழித்து, செங்கல் பொடிக்கல்லும் மணலும் மக்கிய எருவும் கலந்து மாற்றி வைக்க வேண்டும். பாவம் எது என்றால், கட்டிவிட்டு மறப்பதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பால்கனி ஓரத்திலோ குழாய் இடுக்கிலோ கன்று முளைத்திருந்தால், சின்னதாக இருக்கும்போதே சொல்லுங்கள். சுவரும் பிழைக்கும், கன்றும் பிழைக்கும். தொட்டி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். கத்திரியும் கம்பியும் என்னிடம் இருக்கின்றன.