பாய்லருக்கு ஆகாது, இதயத்துக்கு வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இதயத்தைப் பற்றிப் பேச ஒரு டாக்டரைக் கூப்பிடாமல் இவனை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். நான் தொழிற்சாலையில் பாய்லர் தண்ணீர் பார்க்கிறவன். எங்கள் தொழிலில் மெக்னீசியமும் கால்சியமும் பரம விரோதிகள். இவை தண்ணீரில் இருந்தால் டியூபில் ஸ்கேல் படியும். சூடு தண்ணீருக்குப் போகாது. கடைசியில் டியூப் வெடிக்கும். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடிய காலமெல்லாம் அங்கேயும் இதே கதைதான். உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர் இல்லாமல் அந்த மாதிரி பாய்லர் ஓடாது.

இப்போது வேடிக்கை என்னவென்றால், பாய்லருக்குக் கொடுக்கிற மாதிரித் தண்ணீரையே நாம் வீட்டிலும் குடிக்க ஆரம்பித்துவிட்டோம். நம் பகுதிக்கு அதில் ஒரு தனிப் பங்கு உண்டு. மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். வடசென்னைக்கு அது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. குடம் தூக்கி லாரிக்குப் பின்னால் ஓடியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1,300 மில்லிகிராம் மெக்னீசியம். ஆர்.ஓ. சவ்வைத் தாண்டி வந்த பிறகு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் மிஞ்சும். பிறகு குழாய் அரிக்காமல் இருக்கப் பொதுவாகச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்ப்பார்கள். அதனால் கால்சியம் திரும்பி வரும், மெக்னீசியம் வராது. குழாயில் வருவது பல இடத்துத் தண்ணீரின் கலவை, ஆகவே ஓரளவு இருக்கலாம். அதையும் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் விட்டு இன்னொரு தடவை எடுத்துவிடுகிறோம். இல்லையென்றால் கேன் வாங்குகிறோம். பெரும்பாலும் அதுவும் ஆர்.ஓ. தண்ணீர்தான்.

சரி, போனால் போகட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நம் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில்; ரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் உள்ளே குறைவு இருக்கலாம். இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்ப் உண்டு. அந்தப் பம்ப் ஓட மெக்னீசியம் வேண்டும். குறைந்தால் பொட்டாசியமும் சேர்ந்து குறையும், துடிப்பு தாளம் தப்பும். ஒரு வகையான தாறுமாறான துடிப்புக்கு இன்றைக்கும் டாக்டர்கள் மெக்னீசியம் சல்பேட்டை நரம்பில்தான் ஏற்றுகிறார்கள்.

இதைக் கேட்டதும் யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களுக்கெல்லாம் மெக்னீசியம் ஏற்றினால் பிழைப்பார்களா என்று இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 2,316 பேரிடம் பார்த்தார்கள். 1992இல் வந்த முடிவில் மரணம் 24 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றே வருஷத்தில், 1995இல், ஐசிஸ்-4 என்ற ஆய்வு 58,050 பேரிடம் பார்த்துவிட்டு, பயன் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. மாணவர்களே, சாம்பிள் சைஸ் என்று புள்ளியியல் வகுப்பில் சொல்வது இதைத்தான். தினசரி மாத்திரை சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சராசரியாக 2 பாயிண்ட் குறையும் என்று 2016இல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டே இரண்டு!

தண்ணீர் விஷயத்தில் நம்மைப் போலவே கடல்நீரை நம்பியிருக்கும் நாடு இஸ்ரேல். அங்கே 2002 முதல் 2013 வரையான மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, கடல்நீர் நிலையத் தண்ணீர் வந்த பகுதிகளில் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. காரணம் மெக்னீசியம்தான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

என் கணக்கு வேறு. ஆண்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 மில்லிகிராம் மெக்னீசியம் வேண்டும். பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டருக்கு 30 மில்லிகிராம் உள்ள நல்ல தண்ணீரை 2 லிட்டர் குடித்தால் 60 கிடைக்கும். ஆர்.ஓ. அந்த அறுபதைத்தான் பறிக்கிறது. அதைவிடப் பெரிய திருட்டு சோற்றுப் பானையில் நடக்கிறது. 100 கிராம் தீட்டாத அரிசியில் 90க்கு மேல் இருப்பது, தீட்டியபின் இருபதுக்கு வந்துவிடுகிறது. அந்த இருபதிலும் கொஞ்சத்தைக் கஞ்சியோடு வடித்துக் கொட்டுகிறோம். உப்பில்லாத மென்னீரில் சமைத்தால் காய்கறியிலிருந்தும் கூடுதலாகக் கரைந்து போகும். அந்த நீரைக் கொட்டாமல் குழம்பில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 145 மில்லிகிராம் இருக்கிறது. ஐம்பது கிராம் மாவில் கரைத்த கூழைக் குடித்தால் எழுபது வந்துவிடும், ஆர்.ஓ. பறித்தது அதிலேயே திரும்பிவிட்டது. ராத்திரி புளிக்க வைப்பதும் காரணமில்லாமல் இல்லை. சத்தை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் புளிப்பில் குறைகிறது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஆடி மாசம் அம்மனுக்கு ஊற்றுகிற அதே கூழைத்தான் சொல்கிறேன். மற்ற பதினோரு மாசமும் ஊற்றலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். தொட்டுக்கொள்கிற கருவாடு மட்டும் அளவோடு; பி.பி. உள்ளவர்களுக்கு அந்த உப்பு வேறு கணக்கு. பச்சைப்பயறு, எள், வேர்க்கடலை, கீரை எல்லாவற்றிலும் மெக்னீசியம் உண்டு.

ஆர்.ஓ. மெஷினைக் கழற்றிப் போடச் சொல்கிறேனா? இல்லை. உங்கள் தெருத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ.வே வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. கிருமிக்காக என்றால் காய்ச்சினால் போதும். உப்புத் தண்ணீர், ஆலைக்கழிவு சந்தேகம் உள்ள போர் தண்ணீர் என்றால் மெஷின் இருக்கட்டும், தட்டை மாற்றுங்கள்.

மூத்தவர்களுக்கு ஒன்று. பி.பி.க்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அசிடிட்டிக்கு ஓமெப்ரசோல் வகை மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள், தினமும் சாராயம் தொடுகிறவர்கள், இவர்களுக்கு மெக்னீசியம் குறைய வாய்ப்பு அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; கால் குரக்கு, படபடப்பு என்றால் டாக்டரிடம் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிட்னி கோளாறு உள்ளவர்கள் மெக்னீசியம் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கழிவாக வெளியேறாமல் தங்கினால் அதுவே இதயத்தை நிறுத்தும்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார். மெனுவில் கூழ் இல்லை என்று கேள்விப்பட்டேன்.