சின்னச் சீட்டுகளின் படையெடுப்பு
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர் அண்ணன். நான் சீட்டாட்டம் பற்றிப் பேசப்போகிறேன். பயப்படாதீங்க சார், காசு வைத்து ஆடுவதல்ல. ஆன்லைனில் அதை மத்திய அரசு 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துவிட்டது; நல்லதுதான். நான் சொல்வது 2014இல் வெளியான ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற கணினி விளையாட்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதைக் காட்சிப் போட்டியாக வைத்தார்கள். குஜராத், புஜ் ஊர்க்காரரான தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். பதக்கப் பட்டியலில் அது சேரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆளுக்கு 30 சீட்டு, 30 உயிர்ப்புள்ளி. சீட்டை இறக்க ‘மானா’ வேண்டும். முதல் சுற்றில் 1, அடுத்ததில் 2, இப்படிப் பத்து வரை ஏறும். 2015இல் இது செல்போனுக்கு வந்தபோது இதே பள்ளிக்கரணையில் நாங்கள் நாலு பேர் ஒரே ரூம். அரிய சீட்டுகளைக் காசு கொடுத்துச் சேர்க்க வசதியில்லை. சாதாரணச் சீட்டுகளை வைத்தே ஜெயிக்கக்கூடியது ‘வார்லாக்’ பாத்திரத்தின் ‘ஜூ’ டெக். பெயரைக் கேட்டதும் வண்டலூர் ஞாபகம்தான் வந்தது!

அதன் தத்துவம் நம் ஊர்க் கொசு. ஒன்று வந்தால் தட்டிவிடலாம். கூட்டமாக வந்தால் தூங்க முடியாது. ஒரு மானா ‘ஃப்ளேம் இம்ப்’ நமக்கே 3 அடி கொடுத்துவிட்டுத்தான் இறங்கும், ஆனால் எதிரியை 3 அடிக்கும். ‘டயர் உல்ஃப் ஆல்ஃபா’ பக்கத்தில் நிற்கும் இரண்டுக்கும் பலம் கூட்டும். சீட்டு தீர்ந்தால் 2 மானாவும் 2 உயிரும் கொடுத்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு மானா சீட்டு எத்தனை வைப்பது? பிராபபிலிட்டி வகுப்பில் தூங்காதவர்கள் போட்டுப் பார்க்கலாம். முதலில் ஆடுபவருக்கு 3 சீட்டு வரும். அதில் ஒரு மானா சீட்டு இல்லாவிட்டால் மூன்றையும் மாற்றுகிறோம். பிறகு சுற்று தொடங்கும்போது ஒன்று எடுக்கிறோம். டெக்கில் 4 வைத்தால், முதல் சுற்றிலேயே ஒன்றாவது கையில் இருக்க 67 சதவீத வாய்ப்பு. 6 வைத்தால் 82, 8 வைத்தால் 91, 10 வைத்தால் 96. அதாவது இரண்டிரண்டாகக் கூட்டும்போது கிடைக்கும் லாபம் 15, 9, 5 என்று தேய்கிறது. ஏழாவது சுற்றில் அதே சின்னச் சீட்டு கைக்கு வந்தால் எரிச்சல்தான் மிச்சம். எட்டில் நிறுத்தினோம்.

‘வேகமான டெக் என்றால் யோசிக்க வேண்டாம், எல்லாவற்றையும் கொட்டினால் போதும்’ என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. களத்தில் ஒரு பக்கம் 7 பேர் நிற்கலாம். ஆனால் எதிரி ‘பாலடின்’ என்றால் நாலாவது சுற்றிலேயே ‘கான்சிக்ரேஷன்’ வரலாம், எல்லோருக்கும் 2 அடி. நம் சின்னப்பசங்களில் பாதிப்பேர் காலி. ஆகவே மூன்றாவது சுற்றில் களத்தில் மூன்று பேர் போதும் என்று தோன்றினால் நாலாவதைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கத் துடிக்கும் கையை அடக்குவதுதான் கஷ்டம். ‘மேஜ்’ என்றால் ஏழாவது சுற்று வரை அவகாசம் உண்டு, அங்கே கொட்டலாம்.

டெக்கைச் செப்பனிடும்போது ஒரு தடவைக்கு ஒரு சீட்டுதான் மாற்றுவோம். ஒரு ஆட்டம் தோற்றதுமே மாற்றமாட்டோம். இருபது ஆட்டம் ஆடி, நோட்டில் குறிப்போம்: எந்தச் சீட்டு இறங்காமல் கையிலேயே கிடந்தது? அப்படிக் கிடந்த பெரிய சீட்டுகள்தான் ஒவ்வொன்றாய் வெளியே போயின, ஆசைப்பட்டுச் சேர்த்தவை உட்பட.

அந்தச் சீட்டுகளில் பல இன்று வழக்கத்தில் இல்லை. புதிய சீட்டுகளில் எட்டுதான் சரியா, பத்தா என்று ஜூனியர் தம்பிதான் சொல்ல வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் செல்போனோடு வாங்க. ஆடியே பார்த்துவிடலாம்.