பெருவிரல் அடையாளமும் ஓர் அமானிதமே



 

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜும்ஆத் தொழுகை முடிந்த பின் வயது முதிர்ந்த தாயொருவர் பள்ளிவாசல் முற்றத்தில் எனக்காகக் காத்திருந்தார். முந்தானையில் முடிந்திருந்த ஒரு தாளை நீட்டி, "மௌலவி, இதில என்ன எழுதியிருக்கு? வாசிச்சிச் சொல்லுங்க" என்றார். அது காணி உறுதியொன்றின் பிரதி. முதியோர் கொடுப்பனவுக்கான விண்ணப்பம் என நம்பி அலுவலகமொன்றில் அவர் பெருவிரல் பதித்த அந்தத் தாள், அவர் குடியிருந்த வீட்டை இளைய மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அத்தாய் அழவில்லை. "ஊருக்குச் சொல்லிடாதீங்க மௌலவி, அவன்ட மானம் போயிடும்" என்றார். நானும், பொறுமை செய்யுங்கள் எனக் கூறி அனுப்பிவிட்டேன். மறு வருடமே அந்த வீடு விற்கப்பட்டது.

அன்று நான் கூறியது பிழை. அநியாயம் இழைக்கப்பட்டவனுக்கு மட்டுமன்றி, அநியாயக்காரனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விளக்கினார்கள் (புகாரி). நான் மௌனம் காத்ததால் தாயையும் கைவிட்டேன், மகனையும் கைவிட்டேன்.

இளைஞர்களே! பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை அவர்களது சொத்துக்கு வாரிசுகள் இல்லை. ஸூரத்துந் நிஸா கூறும் பங்குகள் மரணத்தின் பின்னரே, அதுவும் கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட்ட பின்னரே பிறக்கின்றன. பிள்ளையும் அவனது பொருளும் தந்தைக்குரியவை எனும் கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. நாமோ அதைத் தலைகீழாக்கி, "வாப்பாவின் பொருள் எனக்குத்தானே" என்கிறோம். "உஃப்" என்ற சொல்லைக்கூடத் தடுத்த மார்க்கம், ஏமாற்றிப் பெற்ற கைநாட்டை அனுமதிக்குமா?

ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனத்தைச் சிந்தியுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதுமாறு பணிக்கும் அவ்வசனம், பலவீனமானவர் ஒருவரால் வாசகத்தைச் சொல்ல இயலாவிடின் அவரது பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே, முதியவர் சார்பில் பேசுபவர் அவரது நலனுக்காகவே பேச வேண்டும். தனது இலாபத்துக்காக அல்ல.

பெற்றோரே! உங்களுக்கும் சில கடமைகள் உள்ளன. முழுமையாக வாசித்துக் கேட்காத எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், அதனால் இலாபமடையாத ஒருவரைக் கொண்டு விளங்கிக் கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை எடுக்கும் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பேரப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தொலைபேசிக்கு வரும் இரகசியக் குறியீட்டை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். "மாதாமாதம் நிச்சய இலாபம், முழுக்க ஹலால்" என்று எவரேனும் வந்தால், முதலுக்கும் இலாபத்துக்கும் உத்தரவாதம் தருவது முழாரபா ஆகாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வைப்புப் பணம் பெறுவதற்கு அந்நிறுவனத்துக்கு இலங்கை மத்திய வங்கியின் அனுமதி உண்டா என்றும் விசாரியுங்கள்.

அன்பளிப்புச் செய்ய விரும்பினால் பிள்ளைகளிடையே நீதி செலுத்துங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் வழங்கப்பட்ட அன்பளிப்புக்குச் சாட்சி சொல்ல நபியவர்கள் மறுத்தமை, நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் அறிவிப்பில் பதிவாகியுள்ளது. மகளுக்கு வீட்டை எழுதுமுன் உங்கள் சீவிய உரித்தைப் பற்றிச் சட்டத்தரணியிடமும் ஆலிமிடமும் கேட்டறியுங்கள்.

நாட்டின் சட்டமும் முதியோருக்குத் துணை நிற்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பராமரிப்புக் கோரி அதன் கீழுள்ள பராமரிப்புச் சபையை நாடலாம். மோசடியாக எழுதப்பட்ட உறுதியை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் வழியுண்டு. ஆனால் தாமதம் ஆபத்தானது. நீதி கேட்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகமல்ல.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! முதியவர் ஒருவர் தாளுடன் வந்தால், என்னைப் போல் பொறுமையை மட்டும் உபதேசித்து அனுப்பிவிடாதீர்கள்.

சகோதரர்களே! இன்று மஃரிபுக்குப் பின் உங்கள் உம்மாவின் அருகில் அமருங்கள். "உம்மா, உங்கட காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் உங்கட கையில இருக்கா?" என்று கேளுங்கள். உங்களிடம் இருந்தால், இன்றே திருப்பிக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் கண்ணீருக்கு எங்களைக் காரணமாக்கி விடாதே. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.