குறியெதிர்ப்பையும் நுண்கடனும்
(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழ் மன்றத்தில் கடனைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் புருவம் நெரிக்கக் கூடும். மொழியைக் காக்க வந்தோர் அம்மொழியைப் பேசும் வீட்டின் அடுப்பையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். உலை கொதிக்கையில் அரிசி போதாமல் அண்டை வீட்டுக்குப் போகும் பெண்ணின் செயலுக்குத் தமிழில் தனிச்சொல்லே உண்டு. குறியெதிர்ப்பை என்பது அச்சொல். ஓர் அளவைக் குறித்து வாங்கி, அதே அளவைத் திருப்பித் தருதல் அதன் பொருள். ஆழாக்கு வாங்கினால் ஆழாக்கு. மேற்கொண்டு ஒரு மணியும் இல்லை. திருவள்ளுவர் ஈகையைப் பற்றிய குறளில் இச்சொல்லை ஆள்கின்றார். புறநானூற்று 163-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், குமணன் தந்த வளத்தைத் தம் மனைவியிடம் ஒப்படைத்து, யார் யார்க்குக் கொடுப்பது என்று சொல்கையில், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தாரையும் மறவாமல் எண்ணுகின்றார். அவ்வம்மையார் எந்த நகையை ஈடு வைத்தார்? எந்தத் தாளில் கைந்நாட்டு இட்டார்? அவருடைய சொல்லே ஈடு. அண்டை வீட்டாரே சான்று.

ஏழைக்குச் சொல்லைத் தவிர வேறு ஈடு இல்லை என்பதும், அந்த ஈடு பொன்னினும் உறுதியானது என்பதும் சங்க காலத்துப் புலவர் வீட்டுக்குத் தெரிந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் வைப்பகங்களுக்குத் தெரியவில்லை. அதை அவற்றுக்குக் கற்பித்தது வங்கநாட்டுச் சிற்றூர் ஒன்று.

1974-இல் வங்கநாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டியது. அப்போது சிட்டகாங்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர் பேராசிரியர் முகம்மது யூனுசு. வகுப்பறையில் கற்பித்த பொருளியல், வெளியே பசியால் மடிவோர்க்கு ஒரு பிடி சோற்றையும் தாராமை கண்டு உளம் நொந்தார்; பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த சோப்ரா என்னும் சிற்றூருக்குள் நடந்தார். அங்கே ஒரு பெண் மூங்கிலால் இருக்கை முடைந்துகொண்டிருந்தாள். மூங்கில் வாங்க 5 தாக்கா வேண்டும். தாக்கா என்பது அந்நாட்டுப் பணம். கையில் இல்லாமையால் வணிகனிடம் கடன் பெற்றாள். முடைந்த இருக்கையை அவனிடமே, அவன் சொல்லும் விலைக்கே விற்றாக வேண்டும் என்பது கட்டு. நாள் முழுதும் உழைத்து அவள் கண்ட ஊதியம் அரைத் தாக்கா. கைத்திறன் அவளுடையது, உழைப்பு அவளுடையது; 5 தாக்கா இல்லாத ஒரே கரணியத்தால் அவள் அடிமை.

அவ்வாறு சிக்கியிருந்தோரை எண்ணியபோது அவ்வூரில் 42 பேர் இருந்தனர். அத்தனை பேரையும் மீட்க வேண்டியிருந்த தொகை 856 தாக்கா. அன்றைய மதிப்பில் 27 அமெரிக்கத் தாலர். 1976-இல் யூனுசு தம் கைப்பணத்தைக் கொடுத்தார். பின்பு வைப்பகத்தை நாடினார். ஈடு எங்கே என்று வைப்பகம் கேட்டது. பேராசிரியர் தாமே பிணை நின்றார். கடன் திரும்பி வந்தது. 1983-இல் கிராமின் வைப்பகம் தனிச்சட்டத்தால் நிறுவப்பெற்றது. கிராமின் என்பதற்குச் சிற்றூரைச் சார்ந்தது என்று பொருள். 2006-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபெல் பரிசு யூனுசுக்கும் அவ்வைப்பகத்துக்குமாகப் பகிர்ந்தளிக்கப் பெற்றது.

அதன் தொடக்கக்கால நடைமுறையைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். ஓரூரைச் சேர்ந்த ஐந்து பெண்கள் ஒரு குழு. முதலில் இருவர்க்கே கடன், அவர்கள் ஒழுங்காகச் செலுத்தினால் அடுத்த இருவர்க்கு, தலைவிக்குக் கடைசியில். ஓராண்டுக் கடனை ஐம்பது கிழமைகளில் சிறிது சிறிதாகத் திருப்பினர். வைப்பக ஊழியர் கிழமைதோறும் ஊருக்கே வருவார். கடன் பெறும் பெண்களே வைப்பகத்தின் பெரும்பகுதிப் பங்குகளுக்கு உடைமையர். அவர்கள் கொடுக்கும் வட்டியின் மிச்சம் அவர்களை விட்டு நெடுந்தொலைவு போய்விடவில்லை. இதை நினைவில் இருத்துங்கள், பின்னர்த் தேவைப்படும்.

வட்டிக் கணக்கையும் பார்ப்போம். கடன் கொடுப்போர் இருவகையாய் வட்டி சொல்வர். ஒருவர் 10,000 உருபா கொடுத்து, “நூற்றுக்குப் பத்துத்தான் வட்டி” என்பார். ஆக 11,000 உருபாவை ஐம்பது கிழமைகளில், கிழமைக்கு 220 வீதம் கட்ட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தப் பத்தாயிரம் ஆண்டு முழுதும் அவள் கையிலா இருந்தது? முதற்கிழமையிலிருந்தே முதல் தேய்கின்றது. சராசரியாக அவள் கையில் நின்றது ஐயாயிரத்தை ஒட்டிய தொகைதான். அதற்கு ஆயிரம் வட்டி என்றால் உண்மை வட்டி நூற்றுக்கு இருபது. சொல்வது பத்து, வாங்குவது இருபது! பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பள்ளிப் பிள்ளை கண்டுபிடிக்கக் கூடிய இதனைப் படித்த பெற்றோரே கேட்பதில்லை. கிராமின் வைப்பகம் தன் தொழிற்கடனுக்கு, தேயும் முதலின்மேல் இருபது என்று வெளிப்படையாகவே சொன்னது. சொல்லிவிட்டு வாங்குவது வேறு. மறைத்து வாங்குவது வேறு.

இனி, செல்வ நாடுகளில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். 2008-இல் கிராமின் முறை நியூயார்க்கு நகரின் குயீன்சுப் பகுதிக்குச் சென்றது. உலகப் பணச்சந்தையின் நெஞ்சாங்குலை அந்நகரம். அங்கும் ஐந்து ஐந்து பெண்களாகக் குழு அமைத்து ஓராயிரம், ஓராயிரத்தைந்நூறு தாலர் கடன் பெற்றனர். பலர் தென்னமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறியோர். தையல், சமையல், முடியொப்பனை செய்து பிழைப்போர். கடன் வரலாறு இல்லாதோரை அந்நாட்டு வைப்பகங்கள் திரும்பியும் பாரா. அவர்களுக்கென்று இருப்பது கூலிநாள் கடன். நூறு தாலர் வாங்கி, இரண்டு கிழமை கழித்துக் கூலி வந்ததும் நூற்றுப்பதினைந்தாகத் திருப்புவது. ஓராண்டில் இருபத்தாறு முறை அப்படி வட்டி கட்டினால் நூற்றுக்கு 390 ஆகும். கந்துவட்டி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்க.

அமெரிக்காவிலேயே 2005-இல் கிவா என்னும் அறநிறுவனம் தோன்றியது. உலகின் எம்மூலையிலிருந்தும் ஒருவர் 25 தாலர் தந்து, ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ உள்ள சிறுதொழிலர்க்குக் கடனாக்கலாம். கொடுத்தவர்க்கு வட்டி இல்லை; முதல் மட்டும் திரும்பும். இதுவன்றோ குறியெதிர்ப்பை என்று மகிழத் தோன்றும். ஆனால் இடையில் அவ்வந்நாட்டுக் கடன் நிறுவனம் ஒன்று நிற்கின்றது. அது கடனாளியிடம் வட்டி வாங்கும். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வாங்குவோரும் உண்டு. 2009-இல் கிவா அமெரிக்கத் தொழிலர்க்கும் கடன் திரட்டத் தொடங்கியபோது, செல்வ நாட்டானுக்கு ஏன் என்று கொடையாளர் சிலர் சினந்தனர். சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடனாளிகளுக்கென்று வேறு வழி வகுக்கப்பட்டது. கடன் வேண்டுவோர்க்கு முதலில் அவர்தம் நண்பரும் உறவினரும் சிறுசிறு தொகை தந்து காட்ட வேண்டும். பிறகே ஊரார் தருவர். அங்கும் சொல்லே ஈடு, சுற்றமே சான்று! அக்கடனுக்கு வட்டி சுழியம்.

எண்ணிப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் வழியாகச் செல்வ நாட்டு ஏழைக்கு வட்டியில்லை. வறிய நாட்டு ஏழைக்கு முப்பது. இதற்கு விடை சொல்வோர் நேர்மையான ஒரு கரணியம் காட்டுவர். ஐந்து நூறாயிரத்தை ஒருவர்க்குக் கொடுப்பதைவிட, ஐயாயிரமாக நூறு பேர்க்குக் கொடுத்துக் கிழமைதோறும் நடந்து தண்டுவதற்குச் செலவு பன்மடங்கு; அமெரிக்கக் கடனின் செலவை நன்கொடையாளர் ஏற்கின்றனர் என்பர். உண்மைதான். செலவை யார் ஏற்பது என்பதே வட்டியைத் தீர்மானிக்கின்றது என்று அவர்களே ஒப்பிய பின், வறிய நாட்டுப் பெண் மட்டும் அதைத் தன் வியர்வையால் ஏற்க வேண்டும் என்பது எந்த அறநூலில் உள்ளது?

செலவுக்கென்று வாங்கிய வட்டி ஊதியத்துக்கென்று மாறிய கதையும் உண்டு. மெக்சிகோவில் அறப்பணியாய்த் தொடங்கிய நிறுவனம் ஒன்றின் பெயர் கம்பார்த்தாமோசு. இசுபானிய மொழியில் ‘பகிர்ந்துகொள்வோம்’ என்று பொருள். அது வரியும் சேர்த்து நூற்றுக்கு நூறை ஒட்டி வட்டி வாங்கியது. 2007 ஏப்பிரலில் தன் பங்குகளைச் சந்தையில் விற்றது, பங்குடையார் பெருஞ்செல்வராயினர். ஏழைகளின் பெயரால் வட்டிக்கடைக்காரரைப் படைத்துவிட்டதாக யூனுசே கடிந்துரைத்தார்.

மூன்றாண்டில் அவ்வலை ஆந்திரத்தில் கரையேறியது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எசு.கே.எசு. நிறுவனம் 2010-இல் பங்குச்சந்தையில் 1,600 கோடி உருபாவுக்கு மேல் திரட்டியது. ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன. ஒன்றின் தவணையைக் கட்ட மற்றொன்றில் வாங்கினாள். கட்ட முடியாதபோது குழுப்பெண்களே அவள் வாயிலில் அமர்ந்தனர். தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அவ்வாண்டு அத்தோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டுக் கிழமைத் தண்டலைத் தடுத்தது. கடன் திரும்புவதே நின்றுபோயிற்று. எந்தச் சொல் புலவர் வீட்டு அடுப்பை எரித்ததோ, அதே சொல் இங்குக் கழுத்துக் கயிறாயிற்று. அண்டை வீட்டுக்காரி சான்றாக இருந்த நிலை மாறி, எங்கோ இருக்கும் பங்குடையாரின் கூலியில்லாத் தண்டற்காரி ஆனாள்.

நுண்கடன் வறுமையை ஒழித்துவிடும் என்ற முழக்கமும் தேய்ந்துவிட்டது. போசுனியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒருசேர வெளிவந்தன. கடன் சிலர்க்குச் சிறிது உதவுகின்றது; வாழ்வையே மாற்றிவிடவில்லை என்பது முடிவு.

ஈழத்தின் நிலை இன்னும் கொடிது. 2009-இல் போர் முடிந்து சாலைகள் திறந்ததும், கணவனை இழந்த, காணாமற் போகக் கொடுத்த பெண்களின் வாயிலுக்கு முதலில் வந்தோருள் கடன் முகவரும் ஒருவர். நுண்கடன் என்னும் நல்ல தமிழ்ச்சொல் அங்கே வீட்டு வாயிலில் அச்சத்தைத் தருஞ் சொல்லாயிற்று. 2018-இல் இலங்கைக்குச் சென்ற ஒன்றிய நாடுகள் அவையின் கடனியல் வல்லுநர், உண்மை வட்டி சிலவிடத்து 220 விழுக்காடு வரை எட்டுவதை எடுத்துரைத்தார். அவ்வாண்டின் இறுதியில்தான் அந்நாட்டு நடுவண் வைப்பகம் 35 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. 2021 மார்ச்சு 8-இல் பொலனறுவை மாவட்டத்து இங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் அறப்போரில் அமர்ந்தனர். அவ்வூர் சிங்கள ஊர். கடனுக்கு இனம் தெரியாது போலும்.

வேறு வழியே இல்லையா? உண்டு, தமிழ் மண்ணிலேயே உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டு அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அங்கே முதற்படி கடனன்று, சேமிப்பு. பெண்கள் தம் காசைத் தாமே சேர்த்து, தமக்குள் கொடுத்து வாங்கி, அவ்வட்டியையும் குழுவிலேயே வைத்தனர். வைப்பகக் கடன் பின்னர் வந்தது. கணக்கேடு பெண்களின் கையில், தமிழில் இருந்தது. பிற்காலத்தில் பல குழுக்கள் கட்சிக் கூட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கூட்டமாகச் சீரழிந்தமையும் மறைப்பதற்கில்லை. அது முறையின் குற்றமன்று.

இன்று தெருவில் வரும் முகவரிடம் கேட்க வேண்டியவை சில உள. இந்திய நடுவண் வைப்பகம், அதாவது ரிசர்வு வங்கி, 2022-இல் வகுத்த நெறிமுறைகளின்படி நுண்கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் திங்கள் வருவாயில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தண்டலுக்கு வரக் கூடாது. வட்டியின் உச்சவரம்பை அதே நெறிமுறைகள் நீக்கிவிட்டன என்பது வேறு. ஆகவே உண்மை வட்டி எவ்வளவு என்று கடன் பெறுவோர் கேட்டறிதல் வேண்டும். வலிந்து தண்டுவோரைச் சிறையிடத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2025-இல் சட்டம் இயற்றியுள்ளது.

இன்னுமொன்று, இம்மன்றத்துக்கே உரியது. கடன் அட்டையைக் கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று அந்நெறிமுறை சொல்கின்றது. தமிழ்ப் பெண்ணுக்கு அது தமிழ். பல வீடுகளில் அரிசிப் பானைக்குப் பின்னே மடித்து வைத்திருக்கும் தாள் ஆங்கிலத்தில் இருக்கின்றது. மன்ற இளைஞர் கிழமைக்கு ஒரு மாலை தத்தம் தெருவில் அமர்ந்து அத்தாள்களைப் படித்து, உண்மை வட்டியைக் கணக்கிட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தமிழ் அட்டை தாராத நிறுவனத்துக்கு அப்பெண்ணின் பெயரால் முறையீடு எழுதலாம். அதற்கு வேண்டியவை ஓர் எழுதுகோலும் மேலே சொன்ன பெருக்கற் கணக்குமே. வரும் ஞாயிறன்று மாலை ஐந்து மணிக்கு மன்றத்துத் திண்ணையில் முதல் அமர்வு. தாள் வைத்திருக்கும் தாய்மார் எடுத்துக்கொண்டு வருக.